மஹல்தார்ணி: சர்க்கார் வைத்திருந்த 'மேடம்'

அமெரிக்க மேற்குப் பகுதியின் 'மேடம்'களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். டென்வரில் மேட்டி சில்க்ஸ். மொன்டானாவின் ஹெலெனாவில், அயர்லாந்திலிருந்து வந்த ஜோசஃபின் ஹென்ஸ்லி. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'சிகாகோ ஜோ'. சுரங்கம் தோண்ட வந்த ஆண்கள் கூட்டம், குடும்பங்கள் குறைவு. அங்கே விடுதி நடத்தி நிலம், கட்டிடம் எல்லாம் வாங்கிப் போட்டவர்கள் இவர்கள். பல ஊர்களில் போலீஸ் மாதாமாதம் அபராதம் வசூலிக்கும். பேருக்குத்தான் அபராதம், உண்மையில் அது லைசென்ஸ் கட்டணம்.

நம்ம பக்கம் இதற்கு ஈடாக யார் என்று தேடினால், கதை வேறு மாதிரி போகிறது. இங்கே எல்லை என்றால் தங்கச் சுரங்கம் இல்லை, கன்டோன்மென்ட். ஓசூருக்கு 40 கிலோமீட்டரில் பெங்களூர் கன்டோன்மென்ட் 1809இல் வந்தது. மத்திகிரி கால்நடைப் பண்ணைகூட 1824இல் பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்கத்தான் தொடங்கினார்கள். ரெஜிமென்டுக்குக் குதிரை, தீவனம், சாராயம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. பெண்களுக்கும் இருந்தது.

பெரும்பாலான சிப்பாய்களுக்குக் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கிடையாது. பால்வினை நோயால் ஆஸ்பத்திரியில் படுத்தவர்களின் எண்ணிக்கை ராணுவத்தைப் பயமுறுத்தியது. 1864இல் கன்டோன்மென்ட் சட்டம், 1868இல் தொற்றுநோய்ச் சட்டம். பெண்கள் பெயரைப் பதிய வேண்டும், குறித்த நாளில் உடல் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிடல்' என்ற இடத்தில் அடைத்து வைப்பார்கள். நோயைக் கொண்டுவந்த சிப்பாய்க்கு இப்படி ஒரு சட்டம் இல்லை.

வட இந்தியக் கன்டோன்மென்ட்களில் ரெஜிமென்டுக்கென்றே ஒதுக்கிய குடியிருப்புக்குச் சக்லா என்று பெயர். அதற்குப் பொறுப்பான பெண்தான் மஹல்தார்ணி. ஆள் சேர்ப்பது, பரிசோதனைக்குக் கூட்டிப் போவது, தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பட்டாளம் ஊர் மாறினால் பெண்களும் பின்னாலேயே போக வேண்டும். மேட்டி சில்க்ஸ் தன் காசில் கடை போட்டாள். மஹல்தார்ணிக்குக் கடையே சொந்தமில்லை. ஏறக்குறைய ஒரு சூப்பர்வைசர்தான். லாபமும் அதிகாரமும் மேலே, பழி மட்டும் அவள் தலையில்.

1886 ஜூனில் ராணுவத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. பெண்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும், பார்க்க லட்சணமாகவும் இருக்க வேண்டும் என்கிறது அது. குதிரை கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க! லண்டனில் இது வெளியானதும் பெரிய ரகளை. 1888இல் இந்த முறையை நிறுத்தும்படி நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது.

நின்றதா? அதைப் பார்க்க 1891இன் கடைசியில் இரண்டு அமெரிக்கப் பெண்கள் வந்தார்கள், எலிசபெத் ஆண்ட்ரூவும் டாக்டர் கேதரின் புஷ்நெலும். புஷ்நெல் அதற்கு முன்னால் விஸ்கான்சின் மரவெட்டி முகாம்களின் விடுதிகளை விசாரித்தவர். அமெரிக்க எல்லையைப் பார்த்த கண்ணோடு நம்ம கன்டோன்மென்டுக்குள் வந்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பத்துக் கன்டோன்மென்ட்களில் நேரில் பேசிப் பார்த்தார்கள். பழைய முறை அப்படியே நடந்துகொண்டிருந்தது. தளபதி ராபர்ட்ஸ் முதலில் மறுத்தார். 1893இல் மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது.

பிறகு காற்று திசை மாறியது. சென்னை மாகாணத்தில் 1930இல் விபசாரத் தடுப்புச் சட்டம், நாடு முழுக்க 1956இல் இன்னொன்று. ஆனால் அடைத்து வைத்துச் சோதிக்கும் பழக்கம் போகவில்லை. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது சென்னையில்தானே. டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்த அந்த ஆறு பெண்களின் ரத்தம், அரசுக் காப்பகத்தில் பிடித்து வைத்திருந்தவர்களிடம் எடுத்தது. கிருமி கிடைத்தது மருத்துவத்தில் பெரிய விஷயம், மறுக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் நிலையிலா அவர்கள் இருந்தார்கள்?

இப்போதுள்ள சட்டத்தில் ஒரு பெண் தனியாக, தன் வீட்டில் தொழில் செய்வது மட்டும் குற்றம் ஆகாது. இரண்டு பேர் பரஸ்பர லாபத்துக்காக ஓர் இடத்தைப் பயன்படுத்தினால் அது 'விடுதி'. அதை நடத்தினால் முதல் தடவை ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை சிறை. ஆள் பிடித்து வியாபாரம் செய்பவனுக்கு இது பொருந்துவது சரிதான். ஆனால் ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம், ராத்திரி முழுக்க லாரி, ஷிப்ட் முடிந்து வரும் கூட்டம் என்றிருக்கிற நம்ம ஓசூர் மாதிரி ஊரில், பாதுகாப்புக்காகவும் வாடகையைப் பங்கு போடவும் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால்? ரெய்டு வந்தால் வாடகைச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவள்தான் 'மேடம்'.