இரண்டு பச்சை, ஒரு சுவர்

"பச்சைன்னா பச்சைதானே, இதுல என்ன ஆராய்ச்சி?" என்று நீங்கள் கேட்கலாம். பெயிண்ட் கடையில் ஷேட் கார்டைப் பிரித்துப் பாருங்கள். சாம்பல் கலந்த மங்கிய பச்சையிலேயே எத்தனையோ வகை இருக்கும்.

உதாரணத்துக்கு இரண்டை எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டுக்கான நிறமாக அமெரிக்கக் கம்பெனிகளான ஷெர்வின்-வில்லியம்ஸ் 'எவர்கிரீன் ஃபாக்'கையும், பெஞ்சமின் மூர் 'அக்டோபர் மிஸ்ட்'டையும் அறிவித்தன. இரண்டுமே மங்கிய பச்சை. கார்டில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சுவரில் அப்படியில்லை.

முதல் வித்தியாசம் எல்.ஆர்.வி. சுவரில் படும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் இது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. எவர்கிரீன் ஃபாக் 30. அக்டோபர் மிஸ்ட் ஏறக்குறைய 46. அதாவது பின்னது ஒன்றரை மடங்கு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. ஒரே ஜன்னல் உள்ள பத்துக்குப் பத்து ரூமுக்கு அதுதான் பொருந்தும். வெளிச்சம் நிறைந்த ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் முன்னதை அடிக்கலாம்.

இரண்டாவது, விளக்கு. இந்த நிறங்களில் பச்சை கொஞ்சம், சாம்பல்தான் அதிகம். எனவே வெளிச்சம் இழுத்த பக்கம் சாயும். லேசாக நீலம் சேர்ந்த எவர்கிரீன் ஃபாக், வெள்ளை டியூப்லைட்டில் இன்னும் குளிர்ந்து தெரியும். மஞ்சள் பல்பில் அந்த நீலம் அமுங்கிவிடும்.

மூன்றாவது, பரப்பு. நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் எறிவதால், கார்டில் பார்த்ததைவிட ரூமில் நிறம் தூக்கலாக இருக்கும்.

எங்கப்பா பெயிண்டர். பள்ளிக்கூடம் போகாதவர். "கார்டுல பார்த்த கலர் இது இல்லை" என்று ஒரு வீட்டுக்காரர் அவர் கூலியில் பிடித்துக்கொண்டார். டப்பா அதேதான், மாறியது வெளிச்சம். அதை எடுத்துச் சொல்ல அப்பாவிடம் எல்.ஆர்.வி. என்ற வார்த்தை இல்லை.

ஆகவே, எந்தக் கம்பெனி பெயிண்டாக இருந்தாலும் இப்படிச் செய்யுங்கள்:

1. இரண்டு நிறத்தையும் இரண்டடிக்கு இரண்டடி அட்டைகளில் இரண்டு கோட் அடியுங்கள்.
2. நன்றாகக் காய்ந்த பிறகே பாருங்கள். ஈரத்தில் தெரிவது உண்மை நிறமல்ல.
3. அதே சுவரில் வைத்துக் காலை, மதியம், இரவு விளக்கில் பாருங்கள்.
4. வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த அட்டையின் பின்னால் ஷேட் நம்பரை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

நாளை நாம் சூப்பர்வைசராகச் சைட்டில் நிற்கும்போது, ஏணி மேல் நிற்பவரின் கூலியைக் காப்பாற்ற அந்தக் கையெழுத்து போதும்!

– இறுதியாண்டு சிவில் மாணவன்