கட்டியக்காரனும் கண்ணாடி ஆட்டமும்

நம் தர்மபுரிப் பக்கத் தெருக்கூத்தில் கட்டியக்காரனைப் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் யாராவது குரல் கொடுத்தால், எழுதி வைக்காத பதிலைப் பட்டென்று சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்தத் திறமையை வகுப்பில் எப்படி வளர்ப்பது? விளையாட்டில் ஆரம்பிக்கணும் என்றார் வயோலா ஸ்போலின். அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவர். 1963-ல் அந்த விளையாட்டுகளைப் புத்தகமாக்கினார்.

முதலில் எல்லோரும் வட்டமாக நிற்போம். ஒருவர் பெயரைச் சொல்லி ஒரு சைகை காட்ட, மற்றவர்கள் அப்படியே திருப்பிச் செய்யணும். அடுத்தது, எனக்குப் பிடித்த கண்ணாடி ஆட்டம். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அசைவதை மற்றவர் பிம்பம் மாதிரி செய்வது. கொஞ்ச நேரத்தில் யார் முதலில் அசைந்தார் என்றே தெரியாது! தன்னையே கவனிக்கும்போதுதான் கூச்சம் வருகிறது. எதிராளியைக் கவனிக்கிறவனுக்குக் கூச்சப்பட நேரம் ஏது? (தப்பு செய்தால் 'அவுட்' கிடையாது. அவுட் என்றால் பயம் திரும்பிவிடும்.)

ஜூனியரை நிறுத்தி, "ஆடிக் காட்டுடா" என்று சீனியர் வேடிக்கை பார்ப்பது இந்த விளையாட்டு இல்லை. அது ராகிங். அதைத் தடுக்க 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே சீனியரும் வட்டத்துக்குள் நின்று அசடு வழியணும். முதல் சைகையும் அவருடையதுதான்.