கடல் கடந்த ஆலயங்கள் – 14: பட்டுச்சேலையும் பத்திரிகைச் செய்தியும்

சென்ற இதழில் 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ சர்வமத மகாசபையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தபோது, அச்சபைக்கு வர மறுத்துக் கடிதம் எழுதிய கான்டர்பரிப் பேராயர் எட்வர்டு பென்சனை நடுவழியில் நிறுத்திவிட்டு வந்தேன். கிறிஸ்து மதம் ஒன்றே மெய்யான மதம் என்று நம்புகிற தாம், அதைப் பிற மதங்களோடு சமபந்தியில் எப்படி உட்கார வைப்பது என்பதுதான் அந்தப் பெரியவருக்கு ஏற்பட்ட தர்மசங்கடம். திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாளும் அவருடைய நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கித் திரட்டிய பணமும் சேர்ந்து கப்பலேற்றி அனுப்பிய விவேகானந்தர் பேசிய மேடையில், ஆங்கிலிக்கத் திருச்சபையின் தலைமைக் குருவுக்கு இடம் இருந்தும் அவர் வரவில்லை. அதற்குப் பின் 115 ஆண்டுகள் கழித்து, அதே ஆங்கிலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆலயத்துக்குள்ளே சங்கு முழங்கியது.

2008-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ஆம் தேதி, சனிக்கிழமை. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துத் தூய யோவான் பேராலயத்தில், காவிச் சேலை உடுத்த துறவினி ஒருவர் மும்முறை சங்கு ஊத, இந்திய முறை வழிபாடு என்று பெயர் சூட்டப்பட்ட அந்த ஆராதனை ஆரம்பமாயிற்று. கிருஷ்ண பக்தி இயக்கத்தாரின் பஜனைக் கோஷ்டி ஒரு பக்கம், ஆலயத்துப் பாடகர் குழு மறுபக்கம். நடுவே, பேராயர் ஜான் புரூனோவின் மன்னிப்புக் கடிதத்தை அவர் சார்பில் உதவிப் பேராயர் செஸ்டர் டால்டன் வாசித்தார். இந்துக்களுக்குக் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இழைத்த மதபேதக் கொடுமைகளுக்காக, அவர்களை மதம் மாற்ற முயன்றதையும் உள்ளடக்கி, வருத்தம் தெரிவித்த கடிதம் அது. இத்தகைய வாசகம் ஒரு பேராயரின் பெயரால் பகிரங்கமாக வெளிவந்ததே பெரிய விஷயம். ஆனால் ஊரில் பரவிய செய்தி அதுவன்று.

ஊரில் பரவிய செய்தி என்னவென்றால், திருவிருந்து வேளையில் வந்திருந்த அனைவரும் பீடத்துக்கு அழைக்கப்பட்டார்கள், இந்துக்களும் போய் அப்பத்தை வாங்கி உண்டார்கள் என்பது. அந்நகரத்துப் பெரிய நாளேடு அப்படித்தான் எழுதியது. ஞானஸ்நானம் பெறாதவருக்கு அந்த அப்பம் கொடுக்கப்படலாகாது என்பது அவ்வாலயம் சேர்ந்த எபிஸ்கோப்பல் திருச்சபையின் சட்டமாகையால், ஆசாரத்தில் பற்றுள்ளவர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களுக்குப் பின் அதே ஏட்டில் ஒரு திருத்தம் வந்தது. பீடத்தை நோக்கி எல்லாரும் நடந்தது உண்மை. ஆயினும் அப்பம் பெறக் கிறிஸ்தவர்களே அழைக்கப்பட்டார்கள். இந்துக்களுக்கு, அவர்களுடைய நம்பிக்கைக்கு மரியாதை செய்து, ஆளுக்கொரு மலர் கொடுக்கப்பட்டது. அப்படியானால் நிருபர் கண்ட, அப்பம் உண்ட ‘இந்துக்கள்’ யார்? அவர்களில் சிலர் இந்திய உடை உடுத்திய கிறிஸ்தவர்கள்!

இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனைக்குப் போய்ப் பார்த்த எவருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்காது. முந்தின நாள் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்த பட்டுச்சேலையின் மடிப்புக் கலையாமல், தலையில் இரண்டு முழம் மல்லிகையோடு, கைக்குட்டையில் சுற்றிய பாட்டுப் புத்தகத்தை ஏந்தி வருகிற நம்முடைய அத்தைமாரையும் சித்திமாரையும் அந்த நிருபர் கண்டிருந்தால், அவர்களையும் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றே எழுதியிருப்பார். வேற்று மதத்தாரை அறிந்துகொள்ளும் முயற்சியில் முதல் தடை வேதாந்தத்திலோ வேதாகமத்திலோ இல்லை, கண்ணில் இருக்கிறது. புடைவையைப் பார்த்தவுடன் மதத்தைத் தீர்மானித்துவிடுகிற கண் அது. அதுவும் போகட்டும், தவறு முன்பக்கத்துக்கு ஏற்ற குரலில் ஒலித்தது, திருத்தம் மூலையில் முனகிற்று, இன்றைக்கும் அந்த ஆராதனையை நினைவுகூருகிறவர்களில் பலர் முதற் செய்தியையே மெய்யென்று வாதிக்கிறார்கள்.

எபிஸ்கோப்பல் என்னும் பெயர் நம் வாசகர்களுக்குக் கொஞ்சம் அந்நியமாகத் தோன்றலாம். கிரேக்கத்தில் மேற்பார்வை செய்கிறவன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் அதைக் ‘கண்காணி’ என்று மொழிபெயர்த்தது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் சொல்லளவில் பேராயருக்கு உறவினர்தான். அமெரிக்கா சுதந்தரம் பெற்றபின், இங்கிலாந்து மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாமல் அங்கே பேராயர் பட்டம் பெற வழியில்லாது போகவே, சாமுவேல் சீபரி என்பவர் 1784-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போய் அந்தப் பிரமாணம் இல்லாமலே அபிஷேகம் பெற்றுத் திரும்பினார். ஆங்கிலிக்க வழிபாடு, ஆனால் ராஜாவுக்கு அடிமையில்லை. அதுவே அந்தத் திருச்சபையின் பிறப்பு. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் கலந்த ஆறுகளில் ஒன்று ஆங்கிலிக்கம் ஆகையால், நம்முடைய திருமண்டலங்களுக்கு இது ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு முக்கியமான பேதம் உண்டு. நம் நாட்டில் சேகர குருவானவரைப் பேராயர் மாற்றினால், மூட்டை முடிச்சுகளோடு அவர் அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான். அங்கேயோ, தன் செலவைத் தானே தாங்கிக்கொள்ளும் சேகரம் ஒவ்வொன்றும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நிர்வாகக் குழுவைக் கொண்டு தன் குருவானவரைத் தானே அழைத்துக்கொள்கிறது. பேராயர் இணங்க வேண்டும், வழிகாட்டலாம். இன்னாரைப் போய் அணைத்துக்கொள் என்று ஆணையிட அவரால் ஆகாது. யூதர்களோடு பழகுவதற்கு வழிகாட்டு நெறிகளை 1988-இலும், பொதுவாகப் பிற சமயங்களோடு கொள்ளும் உறவைப் பற்றிய ஓர் இறையியல் பிரகடனத்தை 2009-இலும் அந்தத் திருச்சபையின் பொதுமாமன்றம் ஏற்றிருக்கிறது. நல்ல காகிதங்களே. இருப்பினும் ஒரு சேகரத்தார் பக்கத்து மசூதிக்காரரை விருந்துக்கு அழைப்பதும், மறு தெருச் சேகரத்தார் கதவைச் சாத்திக்கொண்டிருப்பதும் அந்தக் காகிதங்களால் நிர்ணயிக்கப்படுவதில்லை. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில், அசிசி நகர்த் தூய கிளாராவின் பெயர் தாங்கிய எபிஸ்கோப்பல் சேகரமும் பெத் எமெத் என்னும் யூத சபையும் 1970-களிலிருந்து ஒரே கட்டடத்தைக் கூட்டுச் சொத்தாக வைத்து ஆண்டு வருகின்றன. வாசலில் சிலுவையும் தாவீதின் நட்சத்திரமும் அருகருகே. கூரை ஒழுகினால் பழுதுபார்க்கும் கணக்கும் ஒன்றே. சொத்தை நிர்வகிக்கும் ஸ்தாபனத்துக்கு ஆதியாகமத்தின் பெயரை, ‘ஜெனிசிஸ்’ என்று, வைத்திருக்கிறார்கள். இரு சாராருடைய வேதத்துக்கும் முதல் ஏடு அதுவாகையால் அந்தப் பெயரில் எவருக்கும் ஆட்சேபம் எழ நியாயமில்லை.

இனி வாஷிங்டனுக்குப் போவோம். 1907-இல் அடிக்கல் நாட்டி 1990-இல் கடைசிக் கல்லை ஏற்றிய, ஆகமொத்தம் 83 ஆண்டுகள் கட்டிய, தேசியப் பேராலயம் அங்கே ஒரு குன்றின்மேல் நிற்கிறது. பெயர் தேசியமாயினும் அது எபிஸ்கோப்பல் திருச்சபையின் ஆலயமே. நெல்சன் மண்டேலா 2013 டிசம்பரில் காலமானபோது, அங்கே நடந்த நினைவு வழிபாட்டை ஒழுங்கு செய்வதில், ஆலயத்து வழிபாட்டுப் பொறுப்பிலிருந்த கேனன் ஜீனா கேம்பல் அம்மையாரும், தென்னாப்பிரிக்கத் தூதராயிருந்த இப்ராஹிம் ரசூலும் சேர்ந்து வேலை செய்தார்கள். ரசூல் நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்றவர், பக்தியுள்ள முஸ்லிம். அந்தப் பழக்கத்தில் முளைத்த யோசனைதான், 2014 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, அப்பேராலயத்துக்குள் முதன்முறையாக நடந்த ஜும்மா தொழுகை.

யோசனை சுலபம்; இடம் பார்ப்பது சுலபமன்று. சிலுவையும் சிற்பமும் வண்ணக் கண்ணாடிச் சித்திரமும் நிறைந்த ஒரு கட்டடத்தில், உருவத்தை முன்னிட்டுத் தொழலாகாது என்னும் கொள்கையுடையவர்களை எங்கே உட்கார வைப்பது? ஆலயத்தின் வடக்குக் கையில், உருவங்கள் குறைவாகவும் வளைவுகள் மிகுதியாகவும் இருந்த ஒரு பகுதியைத் தேர்ந்தார்கள். மக்காவின் திசையும் அங்கே வாகாக அமைந்தது. கட்டடத்தின் கோட்டுக்கு இணங்காமல் சற்றே சாய்வாகக் கம்பளங்களை விரித்தார்கள். அந்தச் சாய்வில் அமர்ந்தால் எதிரே சிலுவை கண்ணில் படாது. ஒருவருடைய சிலுவையை மற்றவருக்காகக் கழற்றவும் இல்லை, திரையிட்டு மூடவும் இல்லை. கம்பளத்தைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவே. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு, விருந்தாளியின் கால் எந்தப் பக்கம் நீளும் என்று பார்த்துப் பாய் விரிக்கிற நம்முடைய பாட்டிமாரின் புத்தி இருந்திருக்க வேண்டும்.

தொழுகையின் இடையே ஒரு பெண்மணி எழுந்து கூச்சலிட்டார். அவரை வெளியே அழைத்துச் சென்றார்கள். மறுநாள் செய்திகளில் அந்தக் கூச்சலுக்குக் கிடைத்த இடம் கம்பளத்தின் சாய்வுக்குக் கிடைக்கவில்லை என்று நான் சொல்லவும் வேண்டுமோ? சுவிசேஷகர் பிராங்ளின் கிரகாமும் அந்தத் தொழுகையைக் கண்டித்தார். அவருடைய தந்தை பில்லி கிரகாம், 2001 செப்டம்பர் 14-ஆம் தேதி, இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மூன்றாம் நாள், அதே பேராலயத்தில் பிரசங்கம் செய்தவர்; அன்றைய வழிபாட்டில் முஸ்லிம் இமாம் ஒருவரும் யூத ரப்பி ஒருவரும் அவரோடு கூட நின்று பிரார்த்தித்தார்கள். தந்தைக்கும் மகனுக்கும் இடையே உள்ள தூரம் பதின்மூன்று வருஷம்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த கதை நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரத்தினுடையது. பிடித்ததற்குக் காரணம், அதில் நம்முடைய எபிஸ்கோப்பல் கதாபாத்திரம் தோற்றுப்போகிறது.

2001 செப்டம்பருக்குப் பின், அந்நகரத்து மசூதிக்கு ஆபத்து வரக்கூடும் என்று அஞ்சிய ரப்பி ஆர்யே அஸ்ரியேல், தம் சபையாரில் சிலரை அழைத்துக்கொண்டு அங்கே காவலாகப் போய் நின்றார். அவருடைய டெம்பிள் இஸ்ரேல் சபைக்கோ பழைய கட்டடம் போதாமல், புது மனை தேட வேண்டியிருந்தது. தேடும்போது அவர் நினைத்தது தத்துவம் ஒன்றுமில்லை: வண்டி நிறுத்தும் இடத்தைப் பகிர்ந்துகொள்ள நல்ல அண்டைவீட்டார் வேண்டும் என்பதே. முஸ்லிம்களுக்கு வெள்ளி நண்பகல், யூதருக்கு வெள்ளி மாலையும் சனியும், கிறிஸ்தவருக்கு ஞாயிறு. மூவருக்கும் ஒரே மைதானம் போதும். இந்தக் கணக்கைக் கேட்டு மருத்துவர் சையது மொஹியுதீன் தலைமையில் முஸ்லிம்களும், பேராயர் ஜோ பர்னெட்டின் நெப்ராஸ்கா எபிஸ்கோப்பல் திருமண்டலத்தாரும் முன்வர, 2006-இல் மும்மதக் கூட்டமைப்பு பிறந்தது.

அவர்கள் வாங்கிய மனைக்கும் ஒரு விருத்தாந்தம் உண்டு. ஊரின் மற்றக் கிளப்புகள் யூதர்களை உறுப்பினராக ஏற்க மறுத்த காலத்தில், 1924-இல், அவர்கள் தமக்கென்று அமைத்துக்கொண்ட ஹைலாண்ட் கோல்ஃப் கிளப்பின் நிலம் அது. ஊரின் பெருஞ்செல்வரான வாரன் பஃபெட் ஒரு காலத்தில் வேண்டுமென்றே அந்த யூதர் கிளப்பில் சேர்ந்தார். ‘அவர்கள் மட்டும் நம்மைச் சேர்க்கிறார்களா?’ என்று சாக்குச் சொன்ன மற்றக் கிளப்பாரின் வாயை அடைப்பதற்காக. அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் பந்தடித்த புல்வெளியில், ஏறக்குறைய 38 ஏக்கரில், 2013-இல் யூத ஆலயம் திறந்தது. 2017-இல் மசூதி திறந்தது.

மூன்றாவது மனை காலியாகவே கிடந்தது. யூதருக்கு இடம்பெயரக் காத்திருந்த ஒரு சபை இருந்தது. முஸ்லிம்களுக்குத் தொழ இடம் வேண்டிய மக்கள் இருந்தார்கள். திருமண்டலத்துக்கோ அங்கே கொண்டுபோய் வைக்க ஆயத்தமாயிருந்த சேகரம் ஒன்றும் இல்லை. புதிதாக ஒன்றை உண்டாக்கி, அதற்கு ஆளும் பணமும் சேர்க்க வேண்டும். இது நல்லெண்ணத்தால் மட்டும் நடக்கிற காரியம் அன்று. கடைசியில் 2015-இல், ஒருங்கிணைந்த கிறிஸ்து சபையைச் சேர்ந்த கன்ட்ரிசைடு என்னும் வேறொரு சபையார், தங்கள் பழைய ஆலயத்தை விட்டு அங்கே குடியேறுவதென்று வாக்கெடுத்துத் தீர்மானித்து, கிறிஸ்தவர்களுக்குரிய அந்த ஸ்தானத்தை ஏற்றுக்கொண்டார்கள். 2019-இல் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். முதல் நாள் முதல் மேஜையில் உட்கார்ந்து திட்டம் தீட்டிய எபிஸ்கோப்பல்காரர்கள், தங்கள் நாற்காலியை வேறொருவருக்கு விட்டு எழுந்தார்கள். இதைத் தோல்வி என்று சிலர் எழுதக்கூடும். சம்பந்தம் பேசி முடித்த தரகர் மணவறையில் உட்காரவில்லையே என்று யாரும் துக்கிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த மைதானத்தின் நடுவே ஓர் ஓடை பாய்கிறது. மும்மதத்தாரும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே யாரோ அதற்கு நரக ஓடை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரை யாரும் மாற்றவில்லை. அதன்மேல் வட்டமாக ஒரு பாலம் கட்டி, மூவருக்கும் பொதுவான மூதாதையாகிய ஆபிரகாமின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை முடிந்து வண்டிகள் கிளம்பிய இடத்தில், சாயங்காலம் யூதர்களின் வண்டிகள் வந்து நிற்கின்றன.

(தொடரும்)