கொரியாவின் சிறு தொழிற்சாலைகளுக்கு அரசாங்கம் கொடுத்த பாதிப் பணம்

2004ஆம் ஆண்டு முதல் நமது இளைஞர்கள் தென்கொரியாவுக்குத் தொழிலுக்காகச் சென்று வருகின்றனர். இரு அரசாங்கங்களுக்கும் இடையிலான ஏற்பாட்டின் கீழ் செல்லும் இவர்களுக்கு வேலை கிடைப்பது சாம்சுங், ஹுண்டாய் போன்ற பெரும் கம்பனிகளில் அல்ல. பெரும்பாலும் 300 பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட தொழிற்சாலைகளே இவர்களை எடுக்கின்றன. இரும்பு உருக்குவது, பிளாஸ்டிக் வார்ப்பது, வாகனங்களுக்குச் சிறு பாகங்கள் செய்வது போன்ற வேலைகளுக்குக் கொரிய இளைஞர்கள் வருவதில்லை. ஆள் கிடைக்காத அந்தத் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் ஒரு தீர்வு. கொரிய அரசாங்கம் இன்னொரு தீர்வையும் தேடியது. கைத்தொழில் செய்யும் நமது சகோதரர்களுக்கு அதில் படிப்பதற்கு நிறைய இருப்பதாக நான் நினைக்கிறேன்.

2014 ஜூன் மாதத்தில் கொரியாவின் வர்த்தக, கைத்தொழில் அமைச்சு ஒரு திட்டத்தை அறிவித்தது. 2020ஆம் ஆண்டுக்குள் 10,000 தொழிற்சாலைகளை ‘ஸ்மார்ட்’ தொழிற்சாலைகளாக மாற்றுவது அதன் இலக்கு. பின்னர் அது 2022க்குள் 30,000 என உயர்த்தப்பட்டது. 2017இல் சிறிய, நடுத்தரத் தொழில்களுக்கென்றே தனி அமைச்சும் உருவாக்கப்பட்டது.

ஸ்மார்ட் தொழிற்சாலை என்றதும் ஆளே இல்லாமல் ரோபோக்கள் ஓடியாடும் படம்தான் நம் கண்முன் வரும். கொரியர்கள் இதை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். ரோபோவும் தானாகவே தன்னைச் சரிசெய்துகொள்ளும் இயந்திரமும் மேல் படிகளில்தான் வருகின்றன. முதற்படி மிகச் சாதாரணமானது. கொப்பியில் எழுதியதைக் கணினியில் பதிவது, எந்த இயந்திரம் இன்று எத்தனை பொருள் செய்தது, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை பொருள் கழிவானது என்பதை அன்றன்றே முதலாளி பார்க்கக்கூடியதாகச் செய்வது. அவ்வளவுதான்.

இது பெரிய விடயமா என்று சிலர் கேட்கலாம். எனக்குப் பழக்கமான, பாதணி செய்யும் நானா ஒருவரிடம், “போன மாதம் எத்தனை ஜோடி கழிவானது?” என்று கேட்டேன். “கொஞ்சம் போயிருக்கும்” என்றார். விற்ற கணக்கையும் கடன் கணக்கையும் சதம் பிசகாமல் சொல்லக்கூடியவர் அவர். வியாபாரக் குடும்பங்களில் பிறந்த நாம் கடையின் கணக்கை நன்றாகவே வைத்திருக்கிறோம். பட்டறைக்குள் கரைந்துபோகும் பணத்துக்குத்தான் நம்மிடம் கொப்பியே இல்லை.

இனி, கொரியாவில் பணம் கொடுத்த முறையைப் பார்ப்போம். செலவில் அரசாங்கம் தந்தது அதிகபட்சம் பாதி. அதற்கும் ஓர் உச்ச எல்லை இருந்தது. 2019இல் புதிதாகத் தொடங்கும் தொழிற்சாலைக்கு அது 10 கோடி வொன். மீதியை முதலாளியே போட வேண்டும். சொந்தப் பணம் போட்டவன் இயந்திரத்தைத் துணியால் மூடி வைக்கமாட்டான் என்பது இந்த ஏற்பாட்டின் நியாயம். 2018இலிருந்து இன்னொரு முறையும் வந்தது. அதில் அரசாங்கம் 30 வீதம், பெரிய கம்பனி 30 வீதம், சிறு முதலாளி 40 வீதம். பெரிய கம்பனி ஏன் பிறருடைய பட்டறைக்குப் பணம் கொடுக்க வேண்டும்? பாகம் செய்பவரின் பிழை, கடைசியில் அதை வாங்குபவரின் பொருளிலும் பிழையாகத்தானே வந்து நிற்கிறது!

ஆனால் என் பார்வையில் பணத்தைவிடப் பெறுமதியானது, பணத்தோடு வந்த ஆள். சாம்சுங் தன் அனுபவமுள்ள பொறியியலாளர்களைச் சிறு தொழிற்சாலைகளுக்கு அனுப்பியது. 2020இல் கொரோனா பரவி முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது இதன் பலன் தெரிந்தது. முகக்கவசம் செய்யும் 4 நிறுவனங்களுக்கு அவர்கள் சென்று, இருக்கின்ற இயந்திரங்களிலிருந்தே கூடுதலாக எடுப்பது எப்படி என்று காட்டினார்கள். வேலை நடக்கும் ஒழுங்கைத் திருத்தினார்கள், இயந்திரங்களைச் சரியாக அமைத்துக் கொடுத்தார்கள். நான்கிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 9 இலட்சத்து 20 ஆயிரமாக இருந்த உற்பத்தி 13 இலட்சத்து 90 ஆயிரமாக உயர்ந்தது. இது 51 வீத அதிகரிப்பு.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் அது விளம்பரமாகிவிடும். 2022 முடிவில் எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது உண்மை. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை முதற்படியிலேயே நின்றுவிட்டன. அதிகாரிகள் தொழிற்சாலைகளை எண்ணினார்கள், முன்னேற்றத்தை எண்ணவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. 2023 செப்டம்பரில் அரசாங்கம் வழியை மாற்றியது. 2027க்குள் 25,000 தொழிற்சாலைகள் என்று இலக்கு வைத்தாலும், அரசாங்கம் நேரடியாகப் பணம் போடுவது 5,000 தொழிற்சாலைகளுக்கு மட்டுமே. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்த்து உதவுவது என்பதும் முடிவாயிற்று. தவறியதை ஒத்துக்கொண்டு திருத்தும் இந்தப் பழக்கம் கொரியாவுக்குப் பழையது. 1960களில் மலிவுக் கடன் பெற்ற கம்பனிகளிடம் அங்கே ஏற்றுமதிக் கணக்குக் கேட்கப்பட்டது. 1960இல் அவர்களுடைய தலா வருமானமும் நம்முடையதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருந்தன.

நமது வர்த்தகச் சங்கங்கள் அரசாங்கத்திடம் கேட்பவை பெரும்பாலும் வரிச் சலுகைகளே. இனிமேல் கேட்கும்போது, பாதிச் செலவையும் ஆறு மாதத்துக்கு ஒரு பொறியியலாளரையும் கேட்டுப் பார்க்கலாம். பொருள் வாங்கும் பெரிய நிறுவனத்தையும் அதே மேசைக்கு அழைக்கலாம்.

அதுவரை ஒரு வேலை இருக்கிறது. கொரியத் தொழிற்சாலையில் நான்கைந்து வருடம் வேலை செய்துவிட்டு வந்து, இங்கே வேன் ஓட்டுபவரோ கடை வைத்திருப்பவரோ உங்கள் ஊரிலும் இருப்பார். அவரை ஒரு நாள் பட்டறைக்கு அழைத்து, அங்கே காலையில் வேலை தொடங்குமுன் பலகையில் என்னென்ன எழுதினார்கள் என்று கேளுங்கள்.