அலுமாரித் திறப்பு யார் கையில்?

இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பது நம் முன்னோர் வாய்மொழி. செம்மண் பூமியிற் கிணற்றை நம்பி வாழும் நமக்கு இதன் பொருளை ஒருவர் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கிணற்றுக்குச் சொல்லிய இவ்விதி வாசிகசாலைக்கும் பொருந்தும். எடுத்துப் படிக்கப்படும் நூலே உயிருள்ள நூல். படிப்பாரின்றிப் பூட்டிக் கிடப்பது செல்லுக்கு உணவு.

உடுவிலுக்கு அண்மையிலுள்ள வாசிகசாலை ஒன்றிற் சென்ற ஆண்டு சில நூல்கள் காணாமற் போயின. அதனை நடத்துவோர் கூடி ஆலோசித்துப் புதிய விதிகள் சிலவற்றை வகுத்தனர். அலுமாரிகள் யாவும் பூட்டப்பட்டன. நூல் வேண்டுவோர் அதன் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். இரவல் பெறும் அங்கத்தவர், பழையவராயினும் புதியவராயினும், அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணை நிறுத்தல் வேண்டும். இவ்விதிகளை வகுத்தோர் தீயவரல்லர், நூல்களின்மேல் அன்புடையவரே. ஆயினும் விதியொன்றை அதன் நோக்கத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அது யாரைத் தடுக்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

என்னிடம் பாடங்கேட்கும் மாணவி ஒருத்தி உயர்தர வகுப்பிலே தமிழ் பயில்கின்றாள். தந்தையார் பிறர் தோட்டத்திற் கூலிவேலை செய்பவர். அக்குடும்பத்தாருக்கு அறிமுகமான உத்தியோகத்தர் ஒருவருமிலர். இரண்டாண்டுகளாக ஒரு நூலையேனும் தவணை தவறிக் கொடுத்தறியாத அப்பிள்ளைக்கு இன்று இரவல் இல்லை. புகையிலைத் தோட்டஞ் செய்யும் முதியவர் ஒருவரும் அங்கு நாடோறும் மாலையில் வருவார். அலுமாரி அலுமாரியாக நடந்து, கைக்கு அகப்பட்டதைப் புரட்டி, மனத்துக்கு இசைந்ததை எடுத்து உட்காருவார். பெயர் அறியாத நூலைப் பெயர் எழுதிக் கேட்பது எவ்வாறு? அவர் இப்பொழுது பத்திரிகையை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்புகின்றார்.

நூலைக் கொண்டுபோனவரை இவ்விதிகள் தடுத்தனவா? கள்ளங் கருதி வருவோனுக்கு இருவர் கையொப்பம் பெறுதல் பெரிய காரியமன்று. செல்வாக்குடையோர் செயலாளரிடம் ஒரு சொற் சொல்லித் திறப்பை வாங்கிக்கொள்கின்றனர். பூட்டு எஞ்சி நிற்பது குற்றமற்ற சாதாரண வாசகருக்கே. சிலர் செய்த பிழைக்குப் பலர் தண்டம் இறுப்பது நீதியாகுமா?

இவ்விடத்து இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லுதல் வேண்டும். பொதுவிடங்களிற் சாதி காரணமாக ஒருவரை விலக்குதல் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது. அதன் பின்னரும் 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே செல்லும் உரிமைக்காக மக்கள் போராட நேர்ந்தது. இன்று எந்த வாசிகசாலையின் விதியிலும் சாதிப் பெயர் இல்லை. ஆனால் உத்தியோகத்தர் இருவர் பிணை என்னும் விதி, உறவினருள் உத்தியோகத்தர் உடையாரை உள்ளே விட்டு, தலைமுறை தலைமுறையாக உத்தியோகம் எட்டாதிருந்தாரை வெளியே நிறுத்துகின்றது. எழுத்தில் இல்லாத வேலி பயனில் இருக்கின்றது.

நமது ஊரின் வரலாறோ கதவு திறந்த வரலாறு. 1824ஆம் ஆண்டில் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்று கேட்ட காலம் அது. அன்று திறந்த கதவினாலே எத்தனை வீடுகளில் விளக்கேறியது என்பதை நாம் அறிவோம்.

நூலைப் பூட்டிக் காக்கும் எண்ணம் புதியதன்று. இடைக்கால ஐரோப்பாவிலே நூல்களை இரும்புச் சங்கிலியாற் பிணித்து வைத்தனர். இங்கிலாந்தின் ஹெரிபோர்ட் பேராலயத்தில் அத்தகைய நூலகத்தை இன்றும் காணலாம். நம்மவரும் ஏடுகளைப் பெட்டியில் வைத்துப் பிறர் கை படாமற் காத்தனர். அவ்வாறு காக்கப்பட்டவற்றுட் பல செல்லரித்து ஒழிந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஊரூராக ஏடு தேடி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார்கள். அவர்களைப் போன்றோர் பெட்டியைத் திறப்பித்து, ஒன்றைப் பலவாக்கிப் பலர் கையிற் கொடுத்தமையாலன்றோ அந்நூல்கள் நமக்கு எஞ்சின?

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் சீர்காழியிற் பிறந்த தமிழர். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர். 1931இல் அவர்கள் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல் பயன்படுத்துவதற்கே உரியது என்பதாம். வாசகர் தாமே சென்று பார்த்து எடுக்கத்தக்க திறந்த அலுமாரிகளையே அவர்கள் வற்புறுத்தினார்கள். தேடிச் சென்ற நூலின் பக்கத்திலே தேடாத நூலொன்று வாசகரைக் கண்டுகொள்ளும் என்பது அதன் நுட்பம்.

அந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஒரு படி மட்டும் இருந்து அங்கே எரிந்தது என்றைக்கும் எரிந்ததே. வேறு படிகள் வீடுகளிலும் பாடசாலைகளிலும் வழங்கிய நூல்களோ பிழைத்தன. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் தேடிப் படியெடுத்து, யாவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்திருக்கின்றது. அதன் வாயிலிற் பிணை கேட்பாரில்லை. பரவலே காவல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் கட்டுப்பாடே வேண்டாவோ என்று அன்பர்கள் கேட்கலாம். வேண்டும். கிடைத்தற்கரிய நூல்களை வேறாக வைத்துப் படியெடுத்து வழங்கலாம். தவணை தவறியவரிடம் தண்டம் பெறலாம். நூலைத் தொலைத்தவர் விலையை இறுக்கலாம். பிணை வேண்டுமாயின் அதனை ஆசிரியர் ஒருவரேனும் நெடுநாள் அங்கத்தவர் ஒருவரேனும் அளிக்கலாம். பிழை செய்தவரைப் பிழைக்காகத் தடுப்பது ஒழுங்கு. பிழை செய்யாதவரை ஐயத்தாலே தடுப்பது அநீதி. ஆண்டுதோறும் சில நூல்கள் தொலைதல் இழப்பே. ஆயின் ஒரு பிள்ளை படிக்காது போதல் அதனினும் பேரிழப்பு. தொலைந்த நூலை மீண்டும் விலைக்கு வாங்கலாம். கழிந்த கல்விப் பருவத்தை எந்தக் கடையில் வாங்குவது?

வாசிகசாலைகளை நடத்தும் பெரியோர் அடுத்த பொதுக்கூட்டத்திலேனும் ஒரு கணக்கெடுப்பாராக. காணாமற்போன நூல்களின் பட்டியலுக்குப் பக்கத்திலே, விதி வந்தபின் வராமற்போன வாசகரின் பட்டியலையும் எழுதிப் பார்ப்பாராக. இரண்டில் எது நீண்டதோ அதற்கேற்ப அலுமாரித் திறப்பைப் பற்றித் தீர்மானிப்பாராக.