தபாலட்டையில் போன விருப்பம்

முன்பின் அறியாதவரோடு பாட்டு ரசனையைப் பகிர்வது கைத்தொலைபேசி கொண்டுவந்த பழக்கமன்று. 1925இல் கொழும்பில் தொடங்கிய வானொலி, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானது. அதன் தமிழ்ச் சேவைக்கு நேயர்கள் விருப்பப் பாடலைத் தபாலட்டையில் எழுதியனுப்பினர். அறிவிப்பாளர் பெயரையும் ஊரையும் வாசிப்பார். பிறகு பாட்டு ஒலிக்கும். யட்டியாந்தோட்டை லயத்திலும் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் ஒரே நேரத்தில் அதைக் கேட்கலாம். ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியில் நேயர் எழுதிய கதையே பாடல்களோடு ஒலிபரப்பானது.

இதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. கேட்போருக்குத் தெரிந்தவை பெயரும் ஊரும்தான். வந்ததைப் படித்து, தகாததை விலக்க நடுவில் ஒருவர் இருந்தார்.

இணையத்தில் பெரும்பாலும் அப்படி ஒருவர் இல்லை. பாட்டில் தொடங்கும் பேச்சு, வீட்டுக் கவலைக்கு ஆலோசனை கேட்பதுவரை போகிறது. கூடவே படமும் பாடசாலைப் பெயரும் தொலைபேசி இலக்கமும் போய்விடுகின்றன.

ஆகவே சகோதரிகளே, அந்த அறிவிப்பாளரின் வேலையை நாமே செய்ய வேண்டும். ரசனையைப் பகிரலாம், முகவரியை அல்ல. வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரதுல் ஹுஜுராத் (49:6) பணிக்கிறது. முகமறியாதவர் தரும் ஆலோசனைக்கும் அதுவே அளவுகோல். நோயென்றால் வைத்தியர், மனக்கவலையென்றால் உம்மா அல்லது ஆசிரியை. முதலில் அவர்களிடம் கேட்போம்.