சுமைவண்டி – 17: பார்வையற்றோரின் காபி எந்திரம்

போன வாரம் அமெரிக்க லாரிகளில் 2017 டிசம்பரில் கட்டாயமான மின்னணுப் பதிவுக் கருவியோடு நிறுத்தினோம். மறந்தவர்களுக்காக ஒரே ஒரு முறை: வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம்; அப்புறம் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. இந்த வாரம் ஐரோப்பாவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு காபி எந்திரம் குறுக்கே வந்துவிட்டது.

எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும் என்று சொல்லும் சட்டம், எங்கே நிறுத்துவது என்று சொல்வதில்லை. என் வழக்கு இவ்வளவுதான். கையால் எழுதும் பதிவேடு இருந்தவரை அரை மணி முன்பின் எழுதிச் சமாளித்தார்கள். இன்றைய கருவி எஞ்சினோடு பிணைந்தது, அதனிடம் சாக்கு செல்லாது. கிடங்கில் மூன்று மணி நேரம் காக்க வைத்தாலும் 14 மணிக் கணக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். இருட்டியபின் ஓய்விடத்தில் இடமில்லை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவின் ஓரத்தில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒண்டி நிற்கும், பக்கத்தில் மற்ற வண்டிகள் சீறிப் போகும். 2019-இல் அரசு எடுத்த கணக்கெடுப்பில் 98 விழுக்காட்டு ஓட்டுநர்கள், பாதுகாப்பான இடம் கிடைப்பது சிரமம் என்றார்கள். இடம் போய்விடுமே என்று முன்கூட்டியே ஒதுங்குவதில் நாளுக்குச் சராசரியாக 56 நிமிட ஓட்டம் வீணாகிறது என்கிறது லாரித் துறையின் ஆய்வு நிறுவனம் ஒன்றின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கு. மைலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அது சொந்தப் பணம். உயிரும் போயிருக்கிறது. 2009 மார்ச்சில் தென் கரோலினாவில் ஓர் ஓட்டுநர் லோடு இறக்கும் இடத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். அங்கே நிறுத்த வழியில்லாமல், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினார். சுட்டுக் கொன்றவனுக்குக் கிடைத்தது ஏழு டாலர். அவர் பெயரால் 2012-இல் வந்ததுதான் 'ஜேசன் சட்டம்'. பார்க்கிங் கட்ட நெடுஞ்சாலை நிதியைப் பயன்படுத்தலாம் என்றது. இதற்கென்று தனிப் பணம் ஒதுக்கவில்லை.

இனி காபி எந்திரம். 1956-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், மாநிலங்களை இணைக்கும் புதிய சாலைகளின் எல்லைக்குள் பெட்ரோல் பங்கோ கடையோ கூடாது என்றது. வழியோர ஊர்களின் வியாபாரம் படுத்துவிடக் கூடாது என்ற கவலை. பழைய சுங்கச் சாலைகளில் ஏற்கெனவே இருந்தவை தப்பின. மற்ற ஓய்விடங்களில் ஒரு டீக்கடைகூட வர முடியாது. 1982-இல் மட்டும் ஒரு சின்னக் கதவு திறந்தது: காசு போட்டால் பண்டம் தள்ளும் எந்திரம் வைக்கலாம். அதை நடத்தும் முன்னுரிமை யாருக்கு? பார்வையற்றோருக்கு! அரசுக் கட்டடங்களில் சிறுகடை வைக்க 1936-லேயே சட்டம் அவர்களுக்குக் கொடுத்த சலுகையின் நீட்சி இது. நள்ளிரவில் கண் எரிய வந்து காசு போடும் டிரைவருக்குக் காபி தருவது, அநேகமாகக் கண் தெரியாத ஒருவரின் தொழில். இந்தத் தொடருக்காகப் படித்ததில் இவ்வளவு அழகான சட்டச் சிக்கல் வேறு அகப்படவில்லை. கடைக்குத் தடை என்றால் வருமானமும் இல்லை; வருமானமில்லாத ஓய்விடம்தான் பஞ்ச காலத்தில் முதலில் வெட்டப்படும்; 2009-இல் வர்ஜீனியா மாநிலம் செலவைக் குறைக்க 19 ஓய்விடங்களை மூடி, மறு ஆண்டு திறந்தது. சரி, கடை வைத்து அந்தப் பணத்தில் பார்க்கிங் கட்டலாமே என்றால், சாலையோர வியாபாரிகளோடு சேர்ந்து பார்வையற்றோர் அமைப்பும் எதிர்க்கிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கடை வரட்டும், அவர்கள் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும்.

தனியார் கட்டிக்கொள்வார்களே என்பது அடுத்த வாதம். கட்டத்தான் செய்கிறார்கள், ஏறத்தாழ 3,13,000 இடங்களில் அரசுடையவை 40,000 மட்டுமே. ஆனால் அவர்கள் நிலம் மலிவான இடத்தில் டீசல் விற்கக் கட்டுகிறார்கள். சரக்கு இறங்குவதோ நிலம் பொன்னாக விற்கும் நகர விளிம்பில். அங்கே வீட்டு வாசலுக்குப் பொட்டலம் வேண்டும், லாரி வேண்டாம். நேர வரம்பைத் தளர்த்தினால் போயிற்று என்பவர்களுக்கு: தூங்கிவழியும் டிரைவரின் முன்னால் போகிற கார் உங்களுடையதாகவும் இருக்கலாம். மலிவான வழி கிடங்குகளின் கையில் இருக்கிறது. சரக்கை வாங்குகிற முற்றம், கொண்டுவந்தவரை ஓரிரவு படுக்க விடட்டும். புதுக் கிடங்குக்கு அனுமதி தரும்போதே இதை நிபந்தனையாக்க ஊராட்சியால் முடியும்.

ஐரோப்பாவிலோ வாராந்திர முழு ஓய்வான 45 மணி நேரத்தை வண்டிக்குள் கழிக்கவே கூடாது என்று 2017-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் எங்கே படுப்பது? அது அடுத்த வாரம், வேறு எந்திரம் குறுக்கிடாவிட்டால்.

(தொடரும்)